மாமியார் பார்த்த தகுதிச் சுற்று

கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு கார் தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தது. பின்சக்கரங்கள் பூதாகரமாகவும், மூக்கு மட்டும் யாரோ மிதித்துவிட்டுப் போனது போலத் தட்டையாகவும் இருந்த பந்தயக் கார். அதற்கு முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. வளைவுகளில் உடம்பை நடுக்கிக்கொண்டு திரும்பியது, நேர்ப்பாதையில் ஒரு கோடாக நீண்டது. திரையின் கீழ் மூலையில் எண்கள் புரண்டன. பிறகு அது போய் இன்னொன்று வந்தது. அதுவும் தனியாக. சிமெண்டுத் தரையில் கவிழ்த்துப் போட்ட இறால் கூடையின் மேல் உட்கார்ந்திருந்த என் மாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, ஒத்தையா ஓடுது? மத்தவன்லாம் எங்க?”

“எல்லாரும் இருக்காங்க அத்தை. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வருவாங்க. யாருக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு குறிச்சுக்குவாங்க.”

“அதே ரோட்லயா?”

“அதே ரோட்லதான்.”

“ஓ, பாடு” என்று சொல்லிவிட்டு, கூடையைத் திரைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பின்னால் நின்றிருந்தவர்களும் “பாடா, சரி சரி” என்று தலையாட்டினார்கள். கார் பந்தயத்தின் தகுதிச் சுற்றை உலகத்தில் வேறெந்த ஊரும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டிருக்காது. இவ்வளவு தவறாகவும் புரிந்துகொண்டிருக்காது.

எண்பதுகளின் முற்பகுதி அது. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விரிவாக்க அலுவலர். எதை விரிவாக்குவது என்று யாரும் கடைசிவரை சொல்லவில்லை. ஆகவே கையில் கிடைத்த வேலைகளையெல்லாம் விரித்துக்கொண்டிருந்தேன். ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த தொலைக்காட்சிப் பெட்டிகளை மேற்பார்வை செய்வதும் அதில் ஒன்று. பெட்டியை வானொலி அறையில் வைக்க வேண்டும். மாலையில்தான் திறக்க வேண்டும். சாவி பம்பு ஆபரேட்டரிடம் இருக்க வேண்டும். விவசாய நிகழ்ச்சியைக் கட்டாயம் காட்ட வேண்டும்; ஒரு சென்ட் வயல்கூட இல்லாத மீனவர் குப்பத்தில் நெல்லுக்கு எந்த உரம் எப்போது இடுவது என்று எல்லோருக்கும் தலைகீழாகத் தெரியும். இத்தனைக்கும் நடுவில், பெட்டி பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்க அலுவலர் எந்நேரமும் அதைத் திறக்கச் சொல்லலாம் என்று ஒரு விதி இருந்தது. எனக்கு அது ஏட்டளவில் தெரியும். அதன் முழுப் பொருளையும் கண்டுபிடித்தவர் என் மாமியார். சனிக்கிழமை மதியம் நான் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், சோறு போட்டு முடித்து, கை துடைத்துக்கொண்டே கேட்பார்: “மாப்ள, பொட்டி நல்லாக்கீதானு பாக்க வாணாமா?”

பழவேற்காட்டுக்கு வெளியே, கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரிக்கரையில் இருந்தது அந்தக் குப்பம். பெயர் வேண்டாம்; இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் நல்ல குரல்வளத்தோடு இருக்கிறார்கள். நான் மீஞ்சூரில் குடியிருந்தேன். என் மனைவி மாமியாருக்கு ஒரே மகள். மாமனார் மஞ்சள் காமாலையில் போனபோது ஒரு தோணியும், கழி ஊன்றிக் கட்டும் ஒரு வலையும், ஒரு பாடும் வைத்துவிட்டுப் போனார்.

பாடு என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீர் ஏறி இறங்கும்போது இறால் அந்த வழியாகத்தான் வந்துபோகும். அங்கே வலை கட்டினால் மகசூல். ஆனால் கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம், தோணிகள் நிறைய. எல்லோரும் ஒரே நேரத்தில் போனால் முதலில் வலைகள் சிக்கும், பிறகு தோணிகள், பிறகு தலைகள். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கங்கையம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். வரிசைப்படி அவனவன் நாளில் அவனவன் வலை கட்டுவான். மறுநாள் இடத்தை அடுத்தவனுக்கு விட்டுவிட வேண்டும். கெட்டிக்காரன், சோம்பேறி, குடிகாரன், கோயில் தர்மகர்த்தா எல்லோருக்கும் ஒன்றுதான். முறை வந்தவன் அன்றைக்கு ராஜா. மறுநாள் கரையில் உட்கார்ந்து அடுத்த ராஜா வலை கட்டும் லட்சணத்தைக் குறை சொல்வான். அரசுப் பணியில் நான் படித்துத் தள்ளிய விதிகளுக்கு அளவில்லை. இதைவிடச் சுருக்கமான, இதைவிடக் குறைவாக மீறப்பட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒருவேளை இதை யாரும் எழுதிவைக்காததுதான் காரணமோ என்னவோ.

கணவனை இழந்த பெண்ணுக்கும் பாடு உண்டு. தோணியையும் வலையையும் ஓட்டத்தில் வைத்திருந்து, முறை வரும் நாளில் இரண்டு ஆட்களைப் போட்டு அனுப்புகிறவரை அது அவளுடையது. தோணி கரையேறிப் படுத்துவிட்டால் பாடும் போயிற்று. என் மாமியார் இரண்டு ஆட்களைக் கூலிக்கு வைத்து, அவர்கள் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் குற்றம் கண்டுபிடித்து, ஆண்டுக்கணக்காக ஓட்டத்தில் வைத்திருந்தார்.

ஆகவே, ஒரே பாதையில் ஒருவர் பின் ஒருவராகக் கார்கள் தனியாக ஓடியதைப் பார்த்தபோது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பாதை என்பது முகத்துவாரம். ஓடுகிறவனுக்கு அன்றைக்கு முறை. மூலையில் புரளும் எண்கள் அவன் பிடித்து வந்த இறால். ஓட்டுநர்களின் பெயர்கள் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் தலைக்கவசத்தை வைத்துப் பெயரிட்டார்கள். கறுப்புச் சட்டி, வெள்ளைச் சட்டி, பட்டை போட்ட சட்டி. மாமியார் கறுப்புச் சட்டியின் கட்சி. ஒருமுறை அவன் முறை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கார் வழுக்கிப் புல்லில் போய் நின்றது. குப்பமே உச்சுக் கொட்டியது. “மழைல பாடு வந்தா அவன் இன்னா பண்ணுவான் பாவம்” என்றார் மாமியார். “அடுத்த தபா நல்ல நாளா வரும் போ.”

ஏன் தொலைக்காட்சிக்காரர்கள் பந்தய ஓட்டத்தைக் காட்டாமல் இதை மட்டும் காட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் தெரியாது. சும்மா கிடைத்த பகுதி அதுவாக இருக்கலாம். ஓட்டத்தை அடுத்த வாரம் காட்டுவோம் என்று அறிவிப்பார்கள். அடுத்த வாரம் ஒரு தலைவர் ஓர் அணைக்கட்டைத் திறந்துவைத்துக்கொண்டிருப்பார். பிறகு வேறொரு நாட்டிலிருந்து இன்னொரு தகுதிச் சுற்று வரும். இப்படியாக, அந்தக் குப்பத்துக்குக் கார் பந்தயம் என்றால் அது மட்டும்தான்.

உண்மையை உடைத்தவர் ஐஸ் லாரி ஓட்டும் பாய். பழவேற்காட்டுக்காரர். இறாலைப் பெட்டியில் அடுக்கி ஐஸ் போட்டு மதராசுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. லோடு சேரும்வரை டிவி அறை வாசலில் நின்று பார்ப்பார். சோழவரத்துப் பழைய விமானதளத்தில் நடக்கும் ஓட்டங்களை நேரில் பார்த்தவர் என்பதால் அவருக்கு வெகுநாளாகவே பொறுக்கவில்லை.

“யக்கா, இது ரேஸே இல்ல. இது சும்மா எடம் புடிக்கறதுக்கு. நாளிக்குத்தான் ரேஸு. எல்லா வண்டியும் ஒண்ணா நிக்கும். கொடி ஆட்னா ஒண்ணா பாயும்.”

“அப்ப இன்னிக்கி இன்னாத்துக்கு ஓட்றான்?”

“இன்னிக்கி எவன் ஃபாஸ்ட்டோ அவன் நாளிக்கி மொத வரிசை.”

“இன்னிக்கி எவனுக்கு நல்லா கெடச்சிதோ அவனுக்கே நாளிக்கும் நல்ல எடமா?”

“ஆமா.”

“இது எந்தூரு ஞாயம்?” என்றார் மாமியார். “எல்லாரும் பாடு பாத்து முட்ச்சாச்சு. எவன் எவ்ளோனு தெரிஞ்சாச்சு. அப்பறம் எதுக்கு ஒண்ணா வுட்டு மோத வுடறான்? வேல இல்லாதவனா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் படித்தவன், அதுவும் அலுவலர். ஆங்கில நாளிதழின் கடைசிப் பக்கத்தில் படித்ததை வைத்து முறைப்படி விளக்கினேன்: முன்வரிசை, பின்வரிசை, வரிசைக்கு வரிசை இடைவெளி, எந்த விளக்கு எரிந்தால் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம். மாமியார் முழுவதும் கேட்டார். முடிந்ததும் சொன்னார்: “நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கும் மாப்ள. ஆனா டிவில காட்டல இல்ல?”

அந்த ஆண்டுதான் குப்பத்துக்கு எஞ்சின் வந்தது. முதலில் பொருத்தியவன் என் மச்சான். மாமனாரின் தம்பி மகன். என் மனைவிக்கு அண்ணன் முறை, மாமியாரைப் பெரிம்மா என்று கூப்பிடுகிறவன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். மற்றவர்கள் தோணியில் பாய்மரம் ஏற்றிக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தோணி முகத்துவாரத்தில் நிற்கும். அவனைப் பார்த்து இன்னும் சிலர் வாங்கினார்கள். இறாலுக்கு அப்போது வெளிநாட்டில் நல்ல கிராக்கி. ஆனால் எவ்வளவு வேகமாகப் போய் என்ன, முறை வரும்வரை போன இடத்தில் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

“எஞ்சின வாங்கி வெச்சிகினு, பாடு வர்ற வரிக்கும் அதுக்கு மால போட்டு கும்புடணுமா மாமா?” என்று என்னிடம் கேட்டான். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். எஞ்சின்காரர்கள் ஒன்றுகூடி, சீட்டு வேண்டாம், வரிசை வேண்டாம், எவன் முதலில் போய்ச் சேருகிறானோ அவன் கட்டட்டும் என்று கேட்டார்கள். ஊர்க் கூட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று.

மாமியாரின் தோணியில் பழைய பாய்மரமும், அதைவிடப் பழைய இரண்டு ஆட்களும்தான். முந்துகிறவனுக்கு இடம் என்று ஆகிவிட்டால் அவருக்கு ஒருநாளும் இடம் கிடைக்காது. இடம் இல்லாவிட்டால் ஆட்கள் நிற்க மாட்டார்கள், ஆட்கள் இல்லாவிட்டால் தோணி கரையேறும், தோணி கரையேறினால் பாடு போகும். அதற்குப் பிறகு ஒற்றை மகளின் வீட்டுக்கு, அதாவது மீஞ்சூரில் இரண்டு அறைகளும் ஒரு குழாயும் உள்ள எங்கள் வீட்டுக்கு, வந்து சேர்வதைத் தவிர அவருக்கு வழி கிடையாது. இந்த விஷயத்தில் அவருக்கும் எனக்கும் அபூர்வமான கருத்தொற்றுமை இருந்தது. பொங்கலுக்கு வந்து தங்கும் இரண்டொரு நாளிலேயே என் அலமாரியை அவர் வேறு சுவருக்கு மாற்றிவிடுவார். “அங்க ஏரியும் தெரியல, கடலும் தெரியல” என்பார். “செவுத்தப் பாத்துகினு ஒக்காரணும். செவுரு இன்னா ஏறுமா எறங்குமா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆட்சியருக்கு ஒரு மனு; நகல் மீன்வளத் துறைக்கு ஒன்று, வட்டாட்சியருக்கு ஒன்று. ஒப்புகைச் சீட்டு வாங்கிவைத்துக்கொண்டு, பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம். அதற்கும் வராவிட்டால் நேர்முக மனு. மாமியார் எல்லாவற்றையும் அனுதாபத்தோடு கேட்டார். “கலெக்டரு வந்து வல கட்டுவாரா?” என்றார். பிறகு, நான் மனம் நொந்துவிடக் கூடாது என்று, “வாணும்னா நீங்க தனியா எய்திப் போடுங்க” என்றும் சொன்னார்.

ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. கோயில் மதிலுக்கு வெளியே நின்று கேட்கலாம். பாடு உள்ள பெண்ணுக்காகக் கணவன் வழியில் நெருங்கிய ஆண் ஒருவன் எழுந்து பேச வேண்டும். மாமியாருக்கு அந்த ஆண் யார்? மச்சான்தான். எங்கள் அலுவலகமாக இருந்தால், எதிர்த்தரப்பே வக்கீலாக நிற்க முடியாது என்று குறிப்பெழுதிக் கோப்பை அன்றைக்கே திருப்பியிருப்பார்கள். குப்பம் அதற்கு வேறு வழி வைத்திருந்தது. பேசுகிறவன் அந்தப் பெண்ணாகவே நின்று பேச வேண்டும். ‘அவங்க சொல்றாங்க’ என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தவறினால் மதிலுக்கு வெளியே நிற்கிறவள் கனைக்கலாம். கனைத்தால் அவன் திரும்பச் சொல்லியாக வேண்டும்.

கூட்டத்தன்று காலையில் மாமியார் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எறாக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். அவன் சாப்பிடச் சாப்பிட, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். “ரெண்டாவது தபா சொல்லு” என்பார். சொன்னால்தான் அடுத்த கரண்டி விழும். அவனும் தலை குனிந்து சொல்லிக்கொண்டே தின்றான். சண்டை ஒன்று நடக்கவிருக்கிறது என்று அந்த வீட்டைப் பார்த்த யாரும் சொல்ல முடியாது.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் கூடியது. ஊர்த் தலைவரைப் பெரியதனம் என்பார்கள். ஒல்லியாக, எப்போதும் தூங்கிவிழுவது போன்ற முகத்தோடு இருப்பார், ஆனால் ஒரு சொல்லையும் தவறவிட மாட்டார். நான் வெளியூர் மருமகன், உள்ளே எனக்கு இடம் இல்லை. பெண்களோடு மதிலுக்கு வெளியே நின்றேன். பாயும் லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்து நின்றார். எஞ்சின்காரர்கள் தங்கள் கோரிக்கையைச் சொன்னார்கள். பாய்மரக்காரர்கள் இரைந்தார்கள். எல்லாம் அடங்கியதும் மச்சான் எழுந்து மீசையைத் தடவிக்கொண்டு, தன் பெருங்குரலில் தொடங்கினான்.

“எம் புருசன் செத்த அன்னிக்கி...”

கூட்டம் சிரித்தது. மதிலுக்கு வெளியேயும் சிரிப்பு. பெரியதனம் கையை உயர்த்தினார். “இன்னாபா சிரிப்பு? பேசறது அந்தம்மா.”

மச்சான் மறுபடியும் தொடங்கினான். “எம் புருசன் செத்த அன்னிக்கி, இதே எடத்துல, ஒன் பாடு ஒனக்குத்தான்மானு சொன்னீங்க. அந்தச் சொல்ல வெச்சிகினு நான் இத்தினி வருசம் யார் வூட்டு வாசல்லயும் போய் நிக்கல. எங்க வூட்டுக்காரு கட்ன எடத்துல நான் வல கட்றேன். ஆள வெச்சி கட்றேன், ஆனா நான்தான் கட்றேன்.” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. “டிவி பாத்தீங்க இல்ல? அவன் எஞ்சின் இன்னா, நம்ம எஞ்சின் இன்னா! அவ்ளோ பெரிய எஞ்சின் வெச்சிகினு கீறவனே, ஒருத்தன் போய் வர்ற வரிக்கும் மத்தவன் ஓரமா நிக்கறான். எஞ்சின் வந்துட்ச்சி, மொற வாணாம்னு அவன் சொல்லல. அவ்ளோதான் நான் சொல்றது.”

உட்காரப் போனான். மதிலுக்கு வெளியே கனைப்பு. மச்சான் பாதியில் நின்றான். எதை விட்டான் என்று அவனுக்குத் தெரியும், வேண்டுமென்றே விட்டது.

“எஞ்சின் ஆள சீக்கிரம் கொண்டாந்து வுடும்” என்று முணுமுணுத்தான். “எறாவ கூட்டிகினு வராது.”

இன்னொரு கனைப்பு.

“எஞ்சின் ஆளத்தான் சீக்கிரம் கொண்டாந்து வுடும், எறாவ கூட்டிகினு வராது!” என்று கத்தினான். பாய்மரக்காரர்கள் பக்கமிருந்து ஒருவர், “இன்னொரு தபா சொல்லும்மா” என்றார்.

பெரியதனம் கண்ணை மூடித் திறந்தார். “சரி. அது அந்தம்மா பேச்சு. ஒன் பேச்சு இன்னா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். கார்கள் மறுநாள் ஒன்றாகத்தான் ஓடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாய் சொல்லியிருந்தார், நான் வரிசை இடைவெளி உட்பட விளக்கியிருந்தேன். அந்தப் பாதியை அவர் விட்டுவிட்டார். மச்சானுக்கும் அது தெரியும். பாயின் லாரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சோழவரத்தில் நேரில் பார்த்தவன் அவன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மாமியாரின் டிவி சாட்சி கவிழ்ந்துவிடும். இப்போது அவர் கனைக்கவும் முடியாது.

“டிவில காட்னது பாதிதான்” என்றான் மச்சான். “மறுநா எல்லாரும் ஒண்ணாதான் ஓடுவாங்க. பெரிம்மாக்கு அது தெரியும். அவங்க சொல்லல.”

கூட்டம் சலசலத்தது. மாமியார் கண்களை மூடிக்கொண்டார்.

“நான் சோழவரத்துல பாத்தேன்” என்று அவன் தொடர்ந்தான். “கொடி ஆட்னான். எல்லாம் ஒண்ணா பாஞ்சிச்சி. மொத வளைவு தாண்டல, மூணு வண்டி ஒண்ணு மேல ஒண்ணு.” நிறுத்தினான். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது பேசப் பேசத்தான் அவனுக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். “அவன் வண்டி ஒடஞ்சா வேற வண்டி குடுக்க ஆள் கீது. நமக்கு எவன் குடுப்பான்? மொகத்துவாரத்துல நாலு எஞ்சின் ஒண்ணா போவுதுனு வெச்சிக்க. முன்னால போறவன் வல பின்னால வர்றவன் எஞ்சின் ஃபேன்ல மாட்டும். என் வல புதுசுபா.”

எஞ்சின்காரர்களில் ஒருவன் எழுந்து, “டேய், நீ யார் கட்சிடா?” என்றான்.

“வலையோட கட்சி” என்றான் மச்சான். “பாடு இருக்கட்டும். எஞ்சின் சும்மா கெடக்க வாணாம். அன்னிக்கி எவன் பாடோ அவன் தோணிய எஞ்சின் இஸ்துகினு போவட்டும், புட்சத எடுத்துகினு ஐஸ் லாரிக்கு வரட்டும். அதுக்கு ஒரு பங்கு.”

உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அப்படி ஒப்புக்கொண்டால் அது ஊர்க் கூட்டமே இல்லை. யார் தோணியை யார் இழுப்பது, பாதி வழியில் எஞ்சின் நின்றுபோனால் பங்கு உண்டா, இழுக்கும்போது கயிறு அறுந்தால் கயிறு யாருடையது என்று விளக்கேற்றும் நேரம்வரை அடித்துக்கொண்டார்கள். கடைசியில் சோதனை முறையில் ஒரு பருவத்துக்கு மட்டும் என்று பெரியதனம் முடித்துவைத்தார். சோதனை முடிந்ததாக இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லை. அரசாங்கத்திலும் நிரந்தரமான ஏற்பாடுகள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன என்பதை என் அனுபவத்தில் சொல்வேன்.

வெளியே வந்த மச்சானை மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். “நல்லாத்தான் பேசன. ரெண்டு தபா கனைக்க வுட்ட பாரு, தொண்ட எரியுது” என்றார். பிறகு ஒருநாள் படகுத்துறையில் அவனைத் தனியாகப் பிடித்து, ஏனப்பா அப்படிப் பேசினாய் என்று கேட்டேன். அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. “எம் புருசன் செத்த அன்னிக்கினு சொன்னேன் பாருங்க மாமா, எல்லாம் சிரிச்சானுங்க. ரெண்டாவது தபா சொல்றப்ப பெரியப்பா மூஞ்சி நெஜமாவே முன்னால வந்து நின்னுட்ச்சி. அப்பறம் நான் பேசனத நானே எப்டி மாத்திப் பேசறது?” என்றான். வழக்காடு மன்றங்களில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவரலாமே என்று எனக்கு அப்போது தோன்றியது. மனுவாக எழுதி அனுப்பவும் நினைத்தேன். யாருக்கு நகல் அனுப்புவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த பாடு நாளில் மாமியாரின் தோணியை மச்சானின் எஞ்சின் இழுத்துக்கொண்டு போனது. எதிர்காற்றில் வழக்கமாகப் பாதி நேரம் தள்ளாடும் தோணி அன்றைக்குத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அதில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆட்களும் ஒன்றும் செய்ய வேலையில்லாமல் மாப்பிள்ளை ஊர்வலத்தில் போகிறவர்கள் போல நிமிர்ந்திருந்தார்கள். மாமியார் கரையோரமாகவே கூட ஓடினார். “டேய், மெதுவா இஸ்துகினு போ! பலகைக்கு வயசாயிட்ச்சி!” என்று அவர் கத்தியது எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், மெதுவாக இழுத்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார் என்றுதான் தோன்றியது.

இப்போது தகுதிச் சுற்றில் எதையும் மறைப்பதில்லை. நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆயிற்று. சனிக்கிழமைகளில் சுவரளவு திரையில் வண்ணத்தில் பார்க்கிறேன். ஒரு வளைவில் ஓட்டுநர் எவ்வளவு பிரேக் போட்டார் என்பதுகூட எழுத்தில் வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதியை மாற்றுகிறார்கள். ஒரு காலத்தில் ஒவ்வொருவராக விட்டார்கள், பிறகு எல்லோரையும் சேர்த்து விட்டார்கள், பிறகு கடைசியில் வருகிறவர்களைக் கழித்துக்கொண்டே போனார்கள். எல்லா விதிகளும் எனக்குத் தெரியும். பொழுது போக வேண்டுமே. குப்பத்தில் ஒரே விதிதான் இன்னமும். முகத்துவாரம் தூர்ந்து போகிறது, வெட்டுகிறார்கள், மறுபடி தூர்கிறது. சீட்டு மட்டும் ஆண்டுதோறும் குலுங்குகிறது. குலுங்கும் நாளில் சண்டையும் குறைவில்லாமல் நடக்கிறது என்று மச்சான் தொலைபேசியில் சொல்கிறான். சண்டை நடக்கிறவரை கவலையில்லை. யாருக்கும் அக்கறையில்லாத விதிக்காக யாரும் சண்டை போட மாட்டார்கள்.

மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கவே இல்லை. முன்யோசனையாக அவருக்கென்று நாங்கள் வாங்கிப் போட்ட கட்டில் பழைய நாளிதழ்களைத் தாங்குவதற்கே பயன்பட்டது. கடைசிவரை தன் வீட்டில் இருந்தார், தன் தோணியின் ஆட்களைத் திட்டினார், ஏரி ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தக் கூட்டம் அல்ல, அதற்கு அடுத்த ஆண்டுக் கூட்டம்.

அன்றைக்கு விவகாரம் பெரிதல்ல. இழுத்துப்போகும் எஞ்சினுக்குப் பங்கு முழுசா, இழுக்காமல் துணைக்கு மட்டும் போனால் பாதியா என்பது. மாமியாருக்கு அதில் ஓர் அபிப்பிராயம் இருந்தது, எதில்தான் இல்லை? பெரியதனம் வழக்கப்படி கேட்டார்: “அந்தம்மாவுக்கு யாருபா பேசறது?”

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“நான் பேசல” என்றான். “போன தபா அவங்க பேச்ச நான் பேசி, என் பேச்சு பூட்ச்சி. எனக்கு இதே பொயப்பா? அவங்க இங்கதான நிக்கறாங்க? அவங்களயே கேளுங்க.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சொல்ல வேண்டியவர் பெரியதனம்தான். அவர் தூங்கிவிழும் முகத்தோடு மதில் பக்கம் திரும்பினார். அதைச் சொல்லாமல், தன் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, வழிவிட்டுக் காலை மடக்கும்படி கையசைத்தார்.

என் பக்கத்தில் நின்றிருந்த மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். வெளியே நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மதிலை ஒட்டி நெருங்கினார்கள். கூட்டத்தின் நடுவில் போய் நின்று, சுற்றியிருந்த அத்தனை ஆண்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, யாருக்காகவும் கனைக்க வேண்டியில்லாத தொண்டையை ஒருமுறை சரிசெய்துகொண்டு, அந்த ஊர்க் கூட்டத்தில் ஒரு பெண்ணின் முதல் பேச்சை அவர் பேசினார்:

“மொதல்ல ஒரு பாய் போடுங்கபா. நெறைய சொல்லணும். நின்னுகினே எவ்ளோ நேரம் பேசறது?”